இறப்பு: இல்லை

ஜெயகணேஷ் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். தொட்டி நிறைந்ததும் நிறுத்தினான். டீ போட்டு அம்மாவுக்கு ஒரு டம்ளர் வைத்தான். சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டு படிவங்களோடு உட்கார்ந்தான்.

குடும்பக் கணக்கெடுப்பில் அவன் மேற்பார்வையாளன். இந்தத் தெருவில் கேள்வி கேட்டு எழுதியவள் ஜெஸ்மி. ஐந்தாவது படிவம் அவன் வீடு. பதில் சொன்னவர்: தாயார் பேச்சித்தாய். கடந்த ஓராண்டில் வீட்டில் இறப்பு: இல்லை.

மனைவி இசக்கிசெல்வி போய் நான்கு மாதம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து கயத்தாறு தாய்வீட்டுக்குப் போனவள். எட்டாம் மாதம் வலிப்பு. வயிற்றுப் பிள்ளையும் தங்கவில்லை.

"ஏம்மா இல்லைன்னு சொன்ன?"

"அவ செத்தது கயத்தாறுலல்லாலே. அங்கன எழுதுவாவ. இங்கனயும் எழுதினா ரெண்டு சாவு ஆயிராதா? பெருசா படிச்சவன் கேக்கான் பாரு."

மாமியாருக்குப் போன் போட்டான். அங்கே வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றான்.

"கட்டிக்குடுத்த பிள்ள உங்க வீட்டு ஆளுல்லா மாப்ளே. நாங்க எப்படிச் சொல்ல?"

தலைப்பிரசவத்துக்குப் போய்ச் செத்தவர்கள் இரண்டு வீட்டிலும் இல்லாமல் போகிறார்கள். இன்னும் ஆயிரம் வீடு சேர்த்துக் கேட்டாலும் இந்தப் பிழை குறையாது. இந்தப் படிவத்தையாவது திருத்த வேண்டும். சொந்த வீட்டை அவனே எழுதக் கூடாது. ஜெஸ்மியை வரச்சொன்னான்.

"தெரியும் சார். அம்மா இல்லைன்னாங்க. மேல கேக்க எனக்கு வாய் வரல."

"இப்பக் கேளு."

கேட்டாள். இறப்பு: ஆம். வயது: இருபத்தாறு. அடுத்த பக்கம்.

"இறக்கிறதுக்கு முன்னால தலைவலி, கண் மங்கல், ஏதாவது சொன்னாங்களா சார்?"

"ஏளா, ஒண்ணும் சொல்லல. நல்லாத்தான் இருந்தா" என்றாள் பேச்சித்தாய்.

நான்கு மாதமாக அவன் எல்லோரிடமும் சொன்னதும் அதுதான். 'கடைசியா போன்ல சாப்பிட்டேன், தூங்கப்போறேன்னுதான் சொன்னா.' டாக்டரிடம் சொன்னான், மாமனாரிடம் சொன்னான், அம்மாவிடம் சொன்னான். ஜெஸ்மியின் பேனா 'இல்லை' பக்கம் போனது.

"எழுதாத" என்றான்.

இசக்கிசெல்வி இறந்த அன்று மத்தியானம், கீழவைப்பாரில் ஒரு வீட்டில் பாதிப் படிவத்தில் இருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. வேலையாக இருக்கிறேன், சாயங்காலம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். சாயங்காலம் போனை எடுக்க அவள் இல்லை.

"அவ சொன்னத அப்படியே சொல்லுதேன். எழுதிக்கோ."

அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் படிவத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"நேத்துலருந்து தலை வெடிக்கி. போன்ல எழுத்தே தெரியல. எங்கம்மா வெயில்னு சொல்லுதா. நீங்க வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீயளா?"