ரக்னில்ட் கேக் சுடமாட்டாள்

1

இந்தக் கதை ஒரு வசவில் பிறந்தது. கலத்தில் ஆக்சிஜன் குறைந்தால் கலக்கியை முடுக்கு என்று விதி எழுதியவனை, மருந்து ஆலையில் கலத்தைப் பார்த்துக்கொள்ளும் ரக்னில்ட் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வைது தீர்த்தாள். டேனிஷ் வசவு, அச்சில் ஏறாது. அதே ஆலையில் பதினான்கு ஆண்டு மருந்து மாதிரிகளைச் சோதித்தவன் நான். பக்கத்தில் ரை ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். அன்றே எழுதக் கை அரித்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கடலோரப் பனிமூட்டத்தில் அந்த எஃகுக் கலம் ஒரு..."

வேண்டாம். கலம் கலம்தான். அறுபதாயிரம் லிட்டர் கொள்ளும். உள்ளே நூல் நூலாக வளரும் பாக்டீரியா; அது சுரப்பதுதான் நமக்கு மருந்து.

2

புதன்கிழமை காலை ஆக்சிஜன் அளவு இறங்கியது. விதிப்படி கலக்கியை நிமிடத்துக்கு நூற்றிருபது சுற்றிலிருந்து நூற்றெண்பதுக்கு ஏற்ற வேண்டும். ரக்னில்ட் ஏற்றவில்லை. முந்தைய மூன்று தடவையும் ஏற்றியவள்தான்; நுண்ணோக்கியில் பார்த்தால் நூலெல்லாம் பொடிப்பொடியாக அறுந்து கிடந்தது, மருந்து பாதிதான் தேறியது. மூச்சு முட்டுகிறவனுக்கு விசிறப் போய் அவன் கழுத்தையே அறுத்த மாதிரி.

இந்த முறை கலக்கியைத் தொடாமல் கலத்தின் அழுத்தத்தைக் கூட்டினாள். அழுத்தம் கூடினால் ஆக்சிஜன் அதிகம் கரையும், நூலும் அறுபடாது. அளவு ஏறியது. மருந்து முழுசாக விளைந்தது.

(இந்த இடத்தைத் தாண்டிக் குதித்தீர்களா? திரும்பி வாருங்கள். காதல் கதையில் கடிதத்தை விடாமல் படிக்கிறீர்கள் அல்லவா, இங்கே அழுத்தத்தைப் படியுங்கள்.)

3

மேலாளர் ஹோல்கரைக் கெட்டவனாக்க மூன்று வரைவு வீணாக்கினேன். முடியவில்லை. நல்லவன், அதுதான் தொல்லை.

"விதிமீறல் படிவத்துல கவனக்குறைவுன்னு ஒரு கையெழுத்து போட்டுடு, ரக்னில்ட். சோதிச்சுப் பார்த்துட்டு சரக்க அனுப்பிடலாம். திங்கக்கெழம ஒரு கேக் கொண்டா. சிரிச்சுட்டு மறந்துடுவோம்."*

"கவனக்குறைவா? இருபத்திரண்டு வருஷத்துல அன்னைக்குத்தான் நான் கவனமாவே இருந்தேன்."

"தெரிஞ்சே செஞ்சேன்னு எழுதினா சரக்க விக்க விடமாட்டாங்க, மொத்தமும் சாக்கடைக்குப் போகும். உன் வேலையும் போகும். நானே நெனச்சாலும் காப்பாத்த முடியாது."

"நீ சொல்றபடி எழுதினா விதி அப்படியே நிக்கும். அடுத்த கலத்து நூலையும் நானே அறுக்கணும். அந்த விதிய எழுதின மகராசன் யாரு?"

ஹோல்கர் காதைச் சொறிந்தான். "நான்தான். அது ஒனக்கே தெரியும்."

"தெரியும். உனக்குக் கேக் சுடத் தெரியுமா?"

* அந்தத் துறையில் தப்பு செய்தவர் எல்லாருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். தின்று முடித்தால் தப்பு தீர்ந்தது. (மேலாளரை 'நீ' என்கிறாளே என்று திடுக்கிடாதீர்கள். அங்கே எல்லாரும் எல்லாருக்கும் நீதான்.)

4

முதல் முடிவு: அவள் கையெழுத்திடுகிறாள், ஆப்பிள் கேக் சுடுகிறாள், அடுப்படியில் நின்று... எழுதும்போதே எனக்குக் கை கூசியது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: வேலை போகிறது, பல ஆண்டு கழித்து அவள் சொன்னதே சரி என்று உலகம்... அதுவரை அவள் என்ன செய்வாள், என் கதையைப் படித்துக்கொண்டிருப்பாளா? இதையும் அடித்தேன்.

என் பதிப்பாசிரியர், "கடைசியில கொஞ்சம் அழட்டுமே சார், மனசத் தொடும்" என்றார். அழமாட்டாள். அவளுக்கு வந்தது கோபம். எனக்கும்தான்.

5

திங்கள் காலை ஒன்பது மணி. எட்டுப் பேர், எட்டுக் கோப்பை காபி, நடுவில் காலித் தட்டு. ரக்னில்ட் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தாள். படிவத்தில் ஹோல்கர் தட்டச்சு செய்திருந்த 'கவனக்குறைவு' என்ற சொல்லை அடித்தாள். பக்கத்தில் 'தெரிந்தே செய்தேன், மறுபடியும் செய்வேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு அவன் பக்கம் தள்ளினாள்.

அதற்குக் கீழே, 'விதியை எழுதியவரின் கருத்து' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. ஹோல்கர் பேனாவை எடுத்தான். யாரும் காபியைத் தொடவில்லை.

அவன் என்ன எழுதினான் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் அவனை மெச்சிவிட்டோ திட்டிவிட்டோ புத்தகத்தை மூடிவிடுவீர்கள். வீட்டிலோ அலுவலகத்திலோ நீங்களும் ஒரு விதி எழுதியிருப்பீர்கள். அதை முடுக்கி முடுக்கி யாரோ அறுபட்டுக்கொண்டிருப்பார்கள். கட்டத்தை நீங்களே நிரப்புங்கள். மன்னிப்பு எழுதினாலும் சரி, வேலைநீக்கம் எழுதினாலும் சரி. அவள் எழுதிய வரியை மட்டும் அடிக்காதீர்கள்.