குணமான கால்

கம்பைநல்லூரை அடுத்த ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு 1938இல் டாக்டர் வெங்கடாசலம் வந்து சேர்ந்தார். அப்போது சுற்றுப்பட்டில் பாதிப் பேருக்கு நரம்புச் சிலந்தி. படிக்கிணற்றில் கால் நனைய இறங்கி, அந்தத் தண்ணீரையே மொண்டு குடிப்பார்கள். பிறகு காலில் கொப்புளம் கிளம்பி, நூல் மாதிரிப் புழு எட்டிப் பார்க்கும். அதைக் குச்சியில் சுற்றித் தினம் கொஞ்சமாக வெளியே எடுப்பார்கள்.

டாக்டருக்கு அது காட்டுமிராண்டித்தனம். அவரிடம் ஒரு களிம்பு இருந்தது. களிம்பின் பெருமையை மேலிடத்துக்குக் காட்ட, சேலத்திலிருந்து போட்டோக்காரரையும் வரவழைத்திருந்தார். சிகிச்சைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம்.

களை வெட்டிப் பிழைக்கும் குள்ளம்மாள் அகப்பட்டாள். பெஞ்சில் உட்காரவைத்துக் காலை நீட்டச் சொன்னார்கள்.

"புழு சரியாத் தெரியலைங்களே" என்றார் போட்டோக்காரர்.

டாக்டர் குனிந்து ஒரே இழுப்பாக இழுத்தார். படம் அருமையாக வந்தது. புழு அறுந்துவிட்டது.

அறுந்த புழு உள்ளேயே சீழ் வைத்தது. போட்டோக்காரர் மறுபடி வந்த நாளில் குள்ளம்மாளின் கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது படத்துக்கு ஆகாது."

கம்பவுண்டர் தர்மனைக் கூப்பிட்டார். "உம்ம சம்சாரத்துக்குக் கால் நல்லா இருக்குமே?"

"ஐயோ, அவ குடும்பப் பொம்பளைங்க!"

"மூஞ்சியை எவன்யா எடுக்கப்போறான்? முழங்காலுக்குக் கீழேதான். விஞ்ஞானத்துக்காகச் செய்யும்."

தர்மன் வீட்டில் இரண்டு நாள் சோறு கிடைக்கவில்லை. விஞ்ஞானத்துக்குப் படம் கிடைத்தது.

தருமபுரியில் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் இரண்டு படங்களையும் பெரிதாக்கி மாட்டினார்கள். தன் காலைச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டு, குள்ளம்மாள் வண்டி பிடித்து, தடி ஊன்றி வந்துவிட்டாள். டாக்டர் மேலதிகாரிக்குப் பிரம்பால் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்: "குள்ளம்மாள். பூரண குணம்."

"யாருக்குங்க குணம்?" என்று சேலையைத் தூக்கி வீங்கிய காலைக் காட்டினாள் அவள். "அது எந்தக் காலுங்க? மெட்டி மின்னுது. எம்புருசன் செத்து ஆறு வருசமாச்சு!"

கூட்டத்தில் ஒருவன், "களிம்பைப் பூசினா புருசனே எழுந்து வருவான் போலிருக்கு" என்றான். சிரிப்பு அடங்கவே இல்லை. தர்மன் கொசுப் படத்தின் முன்னால் நின்று கொசுவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலதிகாரி டாக்டரைத் தனியே அழைத்துச் சீறினார். "மெட்டியைக் கழற்றச் சொல்லத் தெரியாதா உமக்கு?"

குள்ளம்மாள் அவரையும் விடவில்லை. "புழு வெச்ச காலு குடிக்கிற தண்ணியில படாம, கெணத்துப் படியை அடைச்சு ஒரு ராட்டினம் போட்டுக் குடுங்க, சாமி."

"எதுக்கும்மா? உங்க ஊர்லதான் நோய் குணமாயிடுச்சே."

போட்டோக்காரர் மெட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டார். படம் சென்னைக்குப் போயிற்று. டாக்டர் பதவி உயர்வில் பெரிய ஊருக்குப் போனார்.

சீழ் உடைந்து கால் ஆறினாலும் குள்ளம்மாளுக்கு நொண்டல் நிலைத்துவிட்டது. ஒருநாள் விடியலில் வேலமுள்ளை வெட்டி வந்து கிணற்றுப் படியை முழுக்க அடைத்தாள். குடத்தோடு வந்த கருப்பண்ணன் கத்தினான்.

"தண்ணிக்கு நான் பறந்து போறதா?"

"கயிறு போட்டு மொண்டுக்க. இல்லாட்டி உன் காலையும் படம் எடுக்கக் குடு."

ஊரே அவளை வைதது. முள்ளை இழுத்துப் போட்டார்கள். அவள் மறுபடி அடைத்தாள். கடைசியில் சலித்துப்போய்க் கருப்பண்ணனே கல் தூண் நட்டு ராட்டினம் மாட்டினான்.

இரண்டு வேனல் கழிந்தது. யார் காலிலும் கொப்புளம் கிளம்பவில்லை. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. குள்ளம்மாள் மட்டும், ராட்டினம் கிறீச்சிடுகிறது, எண்ணெய் விடமாட்டாயா என்று கருப்பண்ணனைத் திட்டிக்கொண்டே தண்ணீர் இறைத்தாள்.