கீறல் விழாத கை

எரியூட்டும் கூடத்தில் இருந்தவர்கள்: அம்மா, அக்கா, ஆய்வகத்து டாக்டரம்மா, விலங்குக் கூடத்தில் அப்பாவோடு கூண்டு கழுவிய கூட்டாளி, உலையை இயக்குபவர். அப்புறம் சின்னவன். படிப்பைப் பாதியில் விட்டவன் என்பதால் எந்தப் பட்டியலிலும் அவன் கடைசி.

“அண்ணன் எங்ககிட்ட பேசினதைவிட எலிங்ககிட்ட பேசினதுதான் ஜாஸ்தி,” என்றார் கூட்டாளி.

“வீட்டுல அதுகூட இல்ல,” என்றாள் அம்மா. அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சின்னவன் உலைத் தட்டில் கிடந்த அப்பாவின் கைகளைப் பார்த்தான். முப்பது வருடக் கீறல்கள். இரைப்பையில் குடியேறும் ஒட்டுண்ணி ஒன்று எந்தெந்த விலங்குக்குத் தொற்றும் என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியில் அப்பாவுக்கு வேலை. ஒவ்வொன்றாகப் பிடித்து, வாய்வழியே குழாய் விட்டு, கிருமியை வயிற்றில் இறக்க வேண்டும். பிறாண்டாமல் எதுவும் விடாது.

போன வருடம் அப்பா காய்ச்சலில் விழுந்தார். கிருமி கொடுக்கும் நாள் தவறினால் எல்லாம் வீண். டாக்டரம்மாவுக்குத் தெரியாமல் சின்னவனை அனுப்பினார். இருபது கினிப்பன்றிகள். முதல் ஒன்றைத் தூக்கியதும் அது கத்திய கத்தலில் அதைக் கூண்டிலேயே திரும்ப விட்டான். கிருமி முழுவதையும் தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டான்.

வீட்டில் அப்பா அவன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு கீறல்கூட இல்லியேடா.”

அதற்கு மேல் கேட்கவில்லை. மறுநாள் போய், கிருமி கொடுத்தது தான்தான் என்று பதிவேட்டில் தன் கையெழுத்தைப் போட்டார்.

டாக்டரம்மா அருகில் வந்தார். “கினிப்பன்றிக்கு இது தொத்தாதுன்னு உலகத்துக்கே சொன்னோம்ப்பா. இருபதுல ஒண்ணுக்குக்கூட வரல. வேற யாரு செஞ்சிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். உங்கப்பா கைங்கறதால நம்பினேன். அடுத்த ஆராய்ச்சியே அதை வச்சுத்தான்.”

சின்னவன் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். சொன்னால் பொய்யனாவது அப்பா. சொல்லாவிட்டாலும் அந்தப் பொய் அப்பா பேரில்தான்.

“மேடம், அன்னைக்கு...”

“கொஞ்சம் வழிவிடுங்க,” என்றார் உலைக்காரர். தட்டு உருளத் தொடங்கியது.

“என்னைக்குப்பா?”

“கினிப்பன்றிக்குக் குடுத்த அன்னைக்கு. அப்பாவுக்கு... நல்ல காய்ச்சல்.”

“காய்ச்சலோடயா வந்து செஞ்சாரு? ஒரு வார்த்தை சொல்லலியே மனுஷன்!” டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சின்னவன் தலையாட்டினான்.

அப்பா உள்ளே போனார். உலைக்காரர் இரும்புக் கதவை இறக்கிப் பூட்டினார். கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.