முன்னால் போகும் மருமகள்

கோடை மேய்ச்சலுக்குக் கிளம்பும் நாளில் குடும்பத்தின் மூத்த மருமகள்தான் முன்னால் போக வேண்டும். இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, முதல் குதிரையில் ஏறி, மந்தையையும் மனிதர்களையும் கணவாய்க்கு மேலே கூட்டிப்போவது அவள் உரிமை. அவளை யாரும் குதிரையில் தாண்டிப் போகக்கூடாது, மாமனாரே ஆனாலும்.

பெர்மெத் கல்யாணமாகி நாரின் மலைக்கு வந்த வருடம் மட்டும்தான் அப்படிப் போனாள். அதற்கப்புறம் ஒவ்வொரு கோடையும் லாரியில், கம்பளிச் சுருள்களுக்கும் பால் பீப்பாய்களுக்கும் நடுவே சுருண்டு படுத்துத்தான் போனாள். அடிவயிற்றில் கொக்கி மாட்டி இழுப்பது போல ஒரு வலி. "குளிர் ஏறிடுச்சு" என்று முடிவு கட்டிய மாமியார் சோனுன், கம்பளிச் சால்வையை அவள் இடுப்பில் இறுக்கிச் சுற்றி அடுப்போரம் உட்காரவைத்தாள். நடக்காதே, தூக்காதே, குதிரைப் பக்கமே போகாதே. எல்லாம் பாசத்தில்தான். முன்குதிரை சின்ன மருமகள் மெயரிமிடம் போனது.

கடைசியில் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு டாக்டரம்மாதான் வயிற்றில் சின்னத் துளை போட்டுப் பார்த்து நோயின் பெயரைச் சொன்னாள்: எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள் இருப்பது போன்ற சவ்வு வெளியே வளர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. முடிந்ததை எடுத்தாள், மாத்திரையும் கொடுத்தாள்.

"இது குளிரால வர்றதில்லம்மா. தாங்குற அளவுக்கு நடங்க, உடம்பை நீட்டி மடக்குங்க. அதனால நோய் போயிடாது. ஆனா உங்க நாளெல்லாம் வலிக்கே போகாம இருக்க உதவும்."

நடப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் வேலை இல்லாமல் நடக்கும் வழக்கம் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது. கணவன் மக்சத்தும் அவளோடு கிளம்பினான். முதல் நாளே பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மக்சத், புருஷனும் பொண்டாட்டியுமா பனியில? எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

மறுநாளிலிருந்து மக்சத் தோளில் ஒரு கயிற்றைப் போட்டுக்கொண்டான். யார் கேட்டாலும் ஓடிப்போன குதிரையைத் தேடுவதாகச் சொன்னான். பனி உருகிய பிறகும் தேடினார்கள்.

"இன்னுமா கிடைக்கல?"

"கிடைச்சுட்டா இவகூட நடக்க முடியாதே!"

வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அவளோடு சேர்ந்து அவனும் உடம்பை வளைத்தான். ஒருநாள் அப்படியே இடுப்பு பிடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடந்தான். "நோய் எனக்கா, உனக்கா?" என்று பெர்மெத் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மோசமான நாட்களும் இருந்தன. ஆனால் அவற்றுக்கு நடுவே நல்ல நாட்கள் கூடிவந்தன.

வசந்தத்தில் அவள் 'அபா' என்றழைக்கும் மாமியாரிடம் போய்க் கேட்டாள்.

"அபா, இந்தத் தடவை முன்குதிரை எனக்கு."

"பாதி வழியில விழுந்தா? ஊரே பாக்கும்டீ."

"விழுந்தா லாரியில ஏத்துங்க, அபா. விழுறதுக்கு முன்னாடியே ஏத்தாதீங்க."

கிளம்பும் நாளில் வெல்வெட் மேலங்கியும் வெள்ளித் தொங்கட்டானுமாக அவள் முன்னால் போனபோது, மக்சத் ஆடுகளைக் கவனிக்கவே மறந்தான். கணவாய்க்குக் கீழே, பாதை செங்குத்தாக ஏறும் இடத்தில், அடிவயிற்றில் கொக்கி மாட்டியது.

பெர்மெத் கடிவாளத்தை இழுத்தாள். பின்னால் எல்லாமே நின்றது. சோனுன் குதிரையை விரட்டிக்கொண்டு வந்தாள்.

"நான்தான் சொன்னேனே! மெயரிம், முன்னால வா! லாரிக்காரனைக் கூப்பிடுங்க!"

பெர்மெத் இறங்கினாள். மாத்திரையை விழுங்கி, வெல்வெட்டோடு ஈரப் புல்லில் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட முதுகை நீட்டி, மெல்ல மூச்சு விட்டாள். கடிவாளம் மட்டும் கையிலேயே இருந்தது.

"எஜே, தொங்கட்டான் விழுந்துடுச்சா?" என்று மூத்தவளைக் கேட்டபடி மெயரிம் இறங்கித் தேடவே ஆரம்பித்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பெர்மெத் எழுந்தாள். வலி போகவில்லை, கொஞ்சம் தணிந்திருந்தது.

"குதிரை மேல குலுங்குது, அபா. நடந்தா தாங்கும். நடந்தே கூட்டிட்டுப் போறேன்."

"நடந்தா? இந்த ஏத்தத்துலயா? பொழுது சாஞ்சிடும்!"

"சாயட்டும்."

குதிரையைக் கையில் பிடித்தபடி அவள் ஏறத் தொடங்கினாள். ஒரே சீராக, கால் தடுமாறாமல் ஏறினாள். சோனுன் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுப்போரம் உட்காரவைத்த அந்தக் கால்களா இவை? மெயரிம் மறுபடி சேணத்தில் ஏறியிருந்தாள். மாமனார் என்ன செய்வதென்று தெரியாமல் மனைவியைப் பார்த்தார். சோனுன் குதிரையிலிருந்து இறங்கினாள்.

"மெயரிம்! எஜே நடக்கிறா, உனக்கென்னடி மகாராணி மாதிரி மேல உக்காந்துக்கிட்டு? இறங்கு! எல்லாரும் இறங்குங்க!"

"நானுமா?" என்றார் மாமனார்.

"உங்களுக்குக் கால் இல்லையா?"

கிழவர் முனகிக்கொண்டே இறங்கினார். மக்சத் அதற்கு முன்பே இறங்கியிருந்தான்.

கணவாயின் உச்சியில் இன்னொரு குடும்பம் தேநீருக்காக நின்றிருந்தது. இத்தனை குதிரைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்து வருபவர்களை அவர்கள் வியப்போடு பார்த்தார்கள்.

"என்ன சோனுன், குதிரையெல்லாம் நொண்டுதா?"

சோனுனுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்:

"குதிரைக்கு ஒண்ணுமில்ல. எங்க மூத்த மருமக நடந்து போறா. நாங்க அவ பின்னால வர்றோம்."