பின்னால் கட்டிய சங்கிலி

1993ஆம் ஆண்டு மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பதரைக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் இடையில், ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பேயில் குடியிருந்த செல்வரத்தினம் தன் சொந்த வீட்டைத் தன் சொந்தக் கையால் இழுத்துக்கொண்டுபோய்க் கதிர்காமநாதனின் காணிக்குள் விட்டார். மூன்று அறை, தகரக் கூரை, உள்ளே மனைவி அன்னபாக்கியம், அடுப்பில் பருப்பு. பருப்பு அடிப்பிடிக்கவில்லை. அன்று மழை இல்லை, காற்றும் மிதமாகத்தான் வீசியது.

செல்வரத்தினம் ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் போர்மனாக இருந்தவர். இங்கே மனுரேவாப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டினார். கோணலாக ஒட்டினாலும் எதுவும் வெடிக்காது என்பதுதான் அந்த வேலையில் அவருக்கிருந்த பெரிய மனக்குறை. பாபகூராவில் பழைய பண்ணைச் சாமான்களை ஏலம் விட்டபோது, அடிக்கட்டை பிடுங்கும் கை வின்ச் ஒன்று துருவேறிக் கிடந்ததைக் கண்டார். அதற்கும் ஒரு சீட் பிடித்து ரயிலில் கொண்டுவந்தார். பதினான்கு மாதம் அது சாப்பாட்டு மேசையில் இருந்தது, வீட்டார் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள். டீசலில் ஊறப்போட்டுத் துருவைக் கழற்றினார். சக்கரத்தில் உடைந்திருந்த இரண்டு பல்லையும் பித்தளை உருக்கி ஊற்றி அரத்தால் ராவி எடுத்தார். பல்லில் விழுந்து சக்கரத்தைப் பின்னுக்குப் போகவிடாமல் தடுக்கும் இரும்பு நாக்கைப் புதிதாகவே அடித்தார். கடைசியில் நெம்புகோலை ஆட்டியபோது ‘டக், டக்’ என்று வந்த சத்தத்தைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கியதாகச் சொல்வார்கள்.

கட்டை பிடுங்க இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது ஆள் கதிர்காமநாதன், அதே தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர். தன் பின்வளவைப் பிரித்து அவருக்குக் காணியாகக் கொடுத்தவரும் செல்வரத்தினம்தான். முன்னால் கம்பிவடத்தைக் கட்டையில் கொழுவுவார்கள், பின்னால் சங்கிலியைக் கட்டையைவிடப் பலமான ஏதாவதொன்றில் கட்டுவார்கள். நெம்புகோல் பிடிக்கிறவர் கட்டையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. வடம் அறுந்தால் முகத்துக்குத்தான் வரும். முதுகுக்குப் பின்னால் சங்கிலி எதில் கட்டியிருக்கிறது என்பது கட்டியவரின் சொல்லை நம்புகிற விஷயம். எது பிடுங்க வேண்டியது, எது நிற்க வேண்டியது என்று வின்ச்சுக்குத் தெரியாது. எது இளகுகிறதோ அது வரும். இருபத்தேழு கட்டைகள் பிடுங்கியும் செல்வரத்தினம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பார்ப்பது கதிர்காமநாதனை அவமதிப்பதாகும் என்று நினைத்தார்.

இருபத்தெட்டாவது கட்டை கதிர்காமநாதனின் காணியிலேயே நின்றது. வீடு கட்டவிடாமல் நடுவில் குந்தியிருந்த மக்ரோகார்ப்பா மரத்து அடிக்கட்டை, நாலு பேர் கைகோத்தாலும் சுற்றி வராது. எதில் கட்டினீர் என்று செல்வரத்தினம் கேட்டார். வேலிக்கரை மரத்தில் என்றார் கதிர்காமநாதன். செல்வரத்தினம் ஆட்டத் தொடங்கினார். ஒரு மணி நேரத்தில் கட்டை தன்னை நோக்கி வருவதை அவர் கண்ணால் கண்டார். அவ்வப்போது தன் கால்கள் அரையடி அரையடியாக முன்னுக்கு எட்டு வைப்பதையும் கண்டார், அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டார். “வருது அண்ணை, நிப்பாட்டாதேங்கோ” என்று பின்னாலிருந்து குரல் வந்துகொண்டேயிருந்தது. பக்கத்து வளவில் புல் வெட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் கையசைத்துவிட்டு மிச்சப் புல்லை வெட்டினார். லாரியில் வீடு போவதை அடிக்கடி பார்க்கிற ஊர் அது. நாலு மணிக்குச் செல்வரத்தினம் நெற்றியைத் துடைக்கத் திரும்பியபோது, தோளுக்குப் பக்கத்தில் தன் வீட்டுக் குசினி ஜன்னல் இருந்தது. வீட்டுத் தரைக்கு அடியில் ஓடும் மரச்சட்டத்தில் சங்கிலி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. தண்ணீர்க் குழாய் பதினெட்டு மீட்டர் நீண்டு கொடுத்திருந்தது, ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

வேலிக்கரை மரத்தில்தான் கட்டினேன், சங்கிலி எப்படி மாறியதென்று தெரியாது என்றார் கதிர்காமநாதன். திங்கட்கிழமை அவரும் மனைவி இராசமலரும் வாடகை வீட்டிலிருந்து பிரிட்ஜோடு வந்து இறங்கினார்கள். காணி எங்களுடையது, வீடு உங்களுடையது, இதில் சண்டை பிடிக்க என்ன கிடக்கிறது என்று இராசமலர் நியாயமாகவே கேட்டாள். நகரசபை ஒரு கடிதம் போட்டு, கழிவுக் குழாய் சரியாகப் போகிறதா என்று மட்டும் விசாரித்து, படத்தில் வீட்டைப் புது இடத்தில் வரைந்துகொண்டது. செல்வரத்தினம் நகராமல் நின்ற கராஜில் கட்டிலைப் போட்டார். செய்ததைக் கதிர்காமநாதன் வாயால் ஒத்துக்கொள்ளும்வரை அந்த வாசற்படி மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். சனம் வீட்டுக் கட்சி, காணிக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, ஒரு கட்சியின் கலியாணத்துக்கு மற்றக் கட்சி பிந்திப் போனது. வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்ட அன்னபாக்கியம் வேளைக்கு வேளை தட்டில் சோறு கொண்டுவந்து கொடுத்தாள். உலகத்தில் தனக்கென்று மிஞ்சியது அவள் ஒருத்திதான் என்று அவர் அவளிடமே பலமுறை சொன்னார். அவள் மோரை ஊற்றிவிட்டுப் போவாள்.

இப்படி மூன்று வருடம். 1996 ஜூலையில், வாடகை மண்டபத்தில் நடந்த வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசைக்குப் பிறகு, சாப்பாட்டு வரிசையில் நின்று செல்வரத்தினம் வழக்கம்போலக் கதிர்காமநாதனைக் கள்ளன் என்றார். வழக்கமாகச் சாம்பாரைப் பார்க்கிற கதிர்காமநாதன் அன்று நிமிர்ந்து பார்த்தார்.

“அண்ணை, மூண்டு வரியமா வாயைக் கட்டி வைச்சிருக்கிறன். அன்னபாக்கியம் அக்காதான் குசினி மூலையைக் காட்டி, இதில கொழுவும் எண்டவ. அவர் திரும்பிப் பாக்கமாட்டார், தன்ரை கையாலயே இழுக்கட்டும் எண்டவ.”

செல்வரத்தினம் தட்டை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்னபாக்கியம் வாசலில் நின்று மிளகாய்த் தட்டைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவள் மறுக்கவில்லை. வாஸ்துப்படி குசினி தென்கிழக்கு மூலையில்தான் இருக்க வேண்டும் என்று இந்த வீட்டைத் தேடி வாங்கியவர் அவர். இந்த நாட்டிலோ சூரியன் வடக்கால் போகிறது, தெற்கு மூலைக்குக் குளிர்காலத்தில் வெயிலே வராது. ஒன்பது வருடம் அவள் கோட்டும் காலுக்கு மேசும் போட்டுக்கொண்டு புட்டு அவித்தாள், அரிசி வாளிக்குள் பூஞ்சணம் பிடித்தது. குசினியை மாற்றுவோம் என்று கேட்டபோதெல்லாம் அவர் அக்கினி மூலை என்றார். மூலையில் கொழுவி இழுத்ததால் வீடு வரும்போதே திரும்பிக்கொண்டு வந்தது. இப்போது குசினி வடக்கே பார்த்தது.

“மூண்டு வரியமா சோறு கொண்டுவந்தனீ. ஒரு வார்த்தை சொல்லேல்லையே?”

“நீங்கள் கதிர்காமநாதனைத்தானே கேட்டனீங்கள். என்னைக் கேக்கேல்லை.”

கதிர்காமநாதன் ஒத்துக்கொண்டாயிற்று, சொன்ன சொல்லின்படி இனி அவர் உள்ளே போகாமல் இருக்க முடியாது. வாசற்படியை மிதித்தார். இராசமலர் சாப்பாட்டு மேசையில் வடகம் காயப்போட்டிருந்தாள், ஓரமாகத் தள்ளி இடம் விட்டாள். அன்னபாக்கியம் தேத்தண்ணி வைத்தாள். ஜூலை மாதத்து நடுக்குளிர், ஆனாலும் ஜன்னல் வழியாக வெயில் வந்து அவருடைய முதுகில் இதமாகப் பட்டது. வீடு நகர்ந்ததை அவர் அன்றே மன்னித்தார், கதிர்காமநாதனை அடுத்த வருடம் மன்னித்தார். அந்த வெயில் அவ்வளவு நன்றாக இருந்ததைத்தான் கடைசிவரை அவரால் மன்னிக்க முடியவில்லை.