பத்தொன்பது தோட்டம், ஒரே புள்ளி

“பத்தொன்பது தோட்டமும் ஒரே இடத்துலயா இருக்கு? ஒண்ணு மேல ஒண்ணா?”

கேட்டவள் அண்ணி, காப்பி விளைவிக்கும் பெண்கள் சங்கத்தின் செயலாளர். கையில், கடல் தாண்டி வாங்கும் கம்பெனியின் கடிதம். காட்டை அழித்து விளைவித்த காப்பிக்கொட்டையை இனி வாங்கமாட்டார்களாம். ஒவ்வொரு தோட்டமும் எங்கே இருக்கிறதென்று வரைபட எண் கேட்டிருந்தார்கள். சங்கம் அனுப்பியதில் எல்லாவற்றுக்கும் ஒரே எண்.

அளந்தவள் நாத்தனார்.

“சிக்னல் தண்ணித்தொட்டிகிட்ட மட்டும்தானே அண்ணி வருது. அங்க நின்னே எல்லார் பேரையும் போட்டேன்.”

“தொட்டியையா பத்தொன்பது தடவை அளந்தே?”

“தொட்டி நகரலைங்கறது மட்டும் உறுதி.”

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் மூட்டைகளோடு லாரி. மூன்று மணிக்குள் சரியான எண்களை அனுப்பி, லாரியும் கிளம்பாவிட்டால் கப்பல் போய்விடும். ஒரு வருஷ விளைச்சல் கிடங்கிலேயே பூசணம் பிடிக்கும்.

“மலையை மொட்டையடிச்ச எஸ்டேட்காரன் ஆள் வெச்சுப் படம் போட்டு அனுப்பிட்டான். அவன் லாரி நேத்தே போயாச்சு. நிழல் மரத்தைத் தொடாத நாம நிக்கறோம்.”

சக்கரத்தில் சாய்ந்திருந்த டிரைவர் வாயைத் திறந்தார். “இடம் காட்ட சிக்னல் எதுக்கும்மா? வானம் தெரிஞ்சா போதும். தோட்டத்துல அளந்துக்கிட்டு, தொட்டிகிட்ட வந்து அனுப்புங்க.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“என்னை யாரு கேட்டா?”

நாத்தனார் போனோடு ஓடினாள். அண்ணி வாசலுக்கும் சுவர்க்கடிகாரத்துக்குமாக நடந்தாள். இரண்டே முக்காலுக்கு நாத்தனார் மூச்சிரைக்க வந்தாள்.

“பதினெட்டு ஆச்சு. கண்ணாடியக்கா தோட்டம்தான் பாக்கி. மேட்டு மேல.”

“அவங்க மூட்டையை மட்டும் இறக்கிடுங்களேன்,” என்றார் டிரைவர். “மூணே மூட்டைதானே.”

அண்ணி மூட்டைகளைப் பார்த்தாள். இறக்கினால் பதினெட்டு வீடு பிழைக்கும். கண்ணாடியக்காவுக்கோ இந்த மூன்றை விட்டால் வேறு விளைச்சலில்லை.

“கம்பெனிக்காரங்க நம்மளை எப்படிக் கழிச்சுக் கட்டறாங்களோ, அப்படியே நானும் கண்ணாடியக்காவைக் கழிச்சுக் கட்டணுமா? நீ மேட்டுக்கு ஏறுடி. நான் தொட்டிகிட்ட நிக்கறேன்.”

டிரைவர் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “சரி, அஞ்சு பத்து நிமிஷம் வழியில பிடிச்சுக்கறேன்.”

மூன்று ஐந்துக்கு நாத்தனார் சறுக்கிக்கொண்டே இறங்கிவந்து போனை நீட்டினாள். முழங்கையில் சிராய்ப்பு. தொட்டிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு அண்ணி அனுப்பினாள். திரையில் வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது.

“பதில் வந்துடுச்சு அண்ணி,” என்று நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

“ஒத்துக்கிட்டாங்களா?”

“கிடைச்சுதுன்னு போட்டிருக்கு. அவ்வளவுதான்.”

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். “என்னம்மா, போகட்டுமா?”

“போங்க. பத்தொன்பது பேரோடதும் போகட்டும்.”

லாரி திருப்பத்தில் மறைந்தது. அண்ணி தொட்டியை விட்டு நகரவில்லை. அடுத்த செய்தி வந்தாலும் அங்கேதான் வரும்.