சாயம் பிடிக்காத இடம்

தோல்பை தைப்பவருக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். அன்று இரண்டும் ஒன்றாக நடந்தன.

"யாரு இதத் தொட்டது?"

வீட்டில் இருப்பதே அவரும் மனைவியும்தான். கேள்வியைச் சுவரிடமா கேட்டார் மனுஷன்?

மனைவி உணவகத்தில் சமையல்காரி. துணியில் சுற்றிப் பைக்குள் போட்டிருந்த கத்தி, சாவியைத் துழாவிய இடது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. தையல் பிரித்துக் காயமும் ஆறிவிட்டது. பயம்தான் போகவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். இவள் அடுப்பங்கரைக்குப் போனாள், கத்தியைத்தான் தொடவில்லை. காய் நறுக்குவது அவர் தலையில் விழுந்தது. அவர் நறுக்கும் கேரட் துண்டைக் கட்டில் காலுக்கு முட்டுக் கொடுக்கலாம். அதுகூடப் பரவாயில்லை. சமையல் என்றால் உயிரை விடுகிறவள் வேலையையே விட்டுவிடுகிறேன் என்கிறாளே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஆகவே கத்திக்கு ஓர் உறை செய்தார். தடித்த மாட்டுத் தோலை அளவாக வெட்டி, கத்தியின் கூர் நூலை அறுக்காதபடி இரண்டு மடிப்புக்கும் நடுவே ஒரு தோல் பட்டை கொடுத்து, மெழுகு நூலால் தைத்தார். நனைத்து, கத்தியை உள்ளே செருகி, அதன் வடிவம் பதியக் காயவைத்தார். சாயம் வாங்க அலைந்ததில் சில நாள் கத்தியோடு அப்படியே மேசையில் கிடந்தது.

இன்று பஞ்சில் சாயம் தொட்டுத் தடவினால், காப்பிக்கொட்டை நிறம் அழகாக ஏறியது, நடுப்பகுதி தவிர. அங்கே ஓர் உள்ளங்கையும் விரல்களும் வெளிறித் தெரிந்தன. எண்ணெய்ப்பசை பட்ட தோல் சாயம் குடிக்காது.

"தழும்புக்குப் போடுற களிம்புக் கையோட எடுத்தியா?"

"சும்மா பாத்தேங்க."

"சும்மா பாத்தா இவ்ளோ அழுத்தமாவா பதியும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு கையால உறைய இறுக்கிப் பிடிச்சாதான கத்திய உருவ முடியும்."

அவர் பஞ்சைக் கீழே வைத்தார்.

"உருவினியா?"

"நீங்க வெளிய போறப்பெல்லாம். மொதல்ல கண்ண மூடிக்கிட்டுதான். நேத்து தெறந்துக்கிட்டே உருவினேன். கை நடுங்கல."

அவர் சாயக் கையோடு அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல் தொழில் பேசினார்.

"இது பாக்க நல்லாயில்லம்மா. புதுசா ஒண்ணு தச்சுத் தரேன். ஒரு வாரம் பொறுத்துக்கோ."

"ஒரு வாரமா?" அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில வேலைக்கு வரேன்னு சொல்லிட்டேங்க. இது எப்போ காயும், அதச் சொல்லுங்க."